பக்கத்தில் இருக்கும் ஆள்: நிரலாக்கப் பாடப்புத்தகங்களின் ஒரு சிறு வரலாறு

வெள்ளை அட்டை. அதில் நீல நிறத்தில் பெரிதாக ஒரு ‘சி’ எழுத்து. கணினி படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தப் புத்தகத்தை அடையாளம் சொல்லிவிடுவார்கள். பிரையன் கெர்னிஹனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதி 1978-இல் வெளிவந்த ‘தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்’. முதல் பதிப்பு 228 பக்கம்தான். எழுதியவர்களின் முதலெழுத்துகளை வைத்து ‘கே அண்ட் ஆர்’ என்று சொல்வார்கள். திரையில் வணக்கம் சொல்லும் அந்தச் சின்ன நிரலை உலகம் முழுக்க முதல் பாடமாக்கியது இந்தப் புத்தகம்தான். நான் படித்த பல்கலைக்கழகத்தில் முதல் பருவத்து நூல் பட்டியலிலும் இதுதான் முதலில் இருந்தது.

ஆனால் அதன் தொடக்கப் பக்கங்களைப் பொறுமையாகப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். இது நிரலாக்கத்துக்கு அறிமுக நூல் இல்லை என்று ஆசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மாறி, லூப், ஃபங்ஷன் இதெல்லாம் ஓரளவு தெரிந்தவர்களை நினைத்து எழுதியது; புதிதாக வருபவரும் படித்துக்கொண்டே போகலாம், ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் உதவியாக இருக்கும். சுருக்கமாக இதுதான் அவர்கள் சொல்வது.

அந்தப் பக்கத்து ஆள் யார்? புத்தகம் எழுதப்பட்ட பெல் ஆய்வகத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அடுத்த அறைக்குப் போனால் யூனிக்ஸை எழுதியவர்களே உட்கார்ந்திருப்பார்கள். அதே புத்தகம் கடல் தாண்டி, இரப்பர் தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தில், பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பிள்ளையின் மேசைக்கு வரும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு வெறும் வரலாற்று ஆர்வத்தில் வந்ததில்லை. கடந்த மூன்று ஆண்டுகளாக நண்பர்கள் சிலர் சேர்ந்து, எஸ்.பி.எம். முடித்துவிட்டு மேற்படிப்புக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் முதல் நாளே வரும் கேள்வி, “அண்ணே, எந்தப் புக்கு வாங்கறது?” என்பதுதான். அவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும் என்றுதான் இந்தப் புத்தகங்களின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எது சிறந்தது என்ற பட்டியல் இணையத்தில் நூறு கிடைக்கும். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு: இவை ஒவ்வொன்றும் யாரை மாணவராக நினைத்து எழுதப்பட்டன? அந்த மாணவருக்குப் பக்கத்தில் யார் இருப்பார் என்று நினைத்தன?

முதல் புத்தகத்திலிருந்தே பார்க்கலாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி 1949 மே 6-ஆம் தேதி தன் முதல் நிரலை ஓட்டியது. அதைக் கட்டிய குழுவின் தலைவர் மாரிஸ் வில்க்ஸ். சில வாரங்களிலேயே அவருக்கு ஓர் உண்மை உறைத்தது. கணினி இருக்கும் அறைக்கும் காகித நாடாவில் துளையிடும் கருவிக்கும் இடையே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, தன் மிச்ச வாழ்க்கையில் பெரும்பகுதி தன் நிரல்களில் உள்ள தவறுகளைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்று தோன்றியதாகப் பிற்பாடு நினைவுக் குறிப்பில் எழுதினார்.  நிரல் என்றால் எழுதினால் ஓடிவிடும் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

1951-இல் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் மூவரும் சேர்ந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். மின்னணுக் கணினிக்கு நிரல்களை எப்படித் தயார்செய்வது என்பதே அதன் தலைப்பு. நிரலாக்கத்துக்கென்று வந்த முதல் நூல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதன் மையமே, பிறர் எழுதிச் சோதித்து வைத்த சிறு நிரல் துண்டுகளின் நூலகம். சைன் மதிப்பு வேண்டுமா, வர்க்கமூலம் வேண்டுமா, அலமாரியில் இருக்கும் நாடாவை எடுத்து உன் நிரலோடு சேர்த்துக்கொள். அந்தப் புத்தகத்தின் வாசகர் கேம்பிரிட்ஜுக்கு வரும் இயற்பியலாளர், வேதியியலாளர், வானியலாளர். கணிதம் அத்துப்படி. பக்கத்து ஆள் வீலரோ கில்லோதான். நடைவழியில் மடக்கிப் பிடித்துக் கேட்டுவிடலாம்.

ஆகப் புத்தகம் ஒரு பாதி, அறை இன்னொரு பாதி. முதல் புத்தகத்திலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. பிறகு வந்தவர்கள் இந்த இரண்டாவது பாதியை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால் மொத்தக் கதையும் தெளிவாகிறது.

1957-இல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸின் குழு ஃபோர்ட்ரானை வெளியிட்டது. எந்திரக் குறியீடுகளை விட்டுவிட்டுக் கணிதச் சமன்பாடு போலவே நிரல் எழுதலாம் என்ற நிலை வந்தது. டேனியல் மெக்ராக்கன் 1961-இல் ஃபோர்ட்ரானுக்கு ஒரு கையடக்கமான வழிகாட்டி எழுதினார். படிப்பவர் பொறியாளர், அவருக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு கையில் இருக்கிறது, அதைச் செய்து முடிக்க மொழி வேண்டும். நிரலாக்கம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை இந்தக் காலகட்டம் வரை எந்தப் புத்தகத்தின் கண்ணிலும் படவில்லை.

அந்தப் பிள்ளையை முதலில் பார்த்தவர்கள் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் இருவரும் கணிதப் பேராசிரியர்கள். கெமெனி இளைஞராக இருந்தபோது ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராக இருந்தவர். டார்ட்மத் மாணவர்களில் பெரும்பாலானோர் அறிவியல் பக்கம் வராதவர்கள். வரலாறு, இலக்கியம், அரசியல் படிப்பவர்கள். நாளைக்கு நாட்டில் முடிவெடுக்கும் இடங்களில் உட்காரப்போகிறவர்களும் இவர்களே என்பதால் இவர்களுக்குக் கணினி தெரிந்தாக வேண்டும் என்று இருவரும் நினைத்தார்கள். 1964 மே 1-ஆம் தேதி விடிகாலை நான்கு மணிவாக்கில் முதல் பேசிக் நிரல் ஓடியது. அந்த அமைப்புக்கான நிரல்களில் பெரும்பகுதியை எழுதியவர்கள் இளநிலை மாணவர்கள்.

பேசிக் மொழி எளிமையானது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிட முக்கியம் அவர்கள் அமைத்த அறை. நூலகத்தில் யார் வேண்டுமானாலும் நுழைந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுப்பது போல, யார் வேண்டுமானாலும் வந்து கணினியைத் தொடலாம் என்று வைத்தார்கள். வரிசையாகத் தட்டச்சு முனையங்கள், ஒரே கணினியைப் பலரும் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. பக்கத்து முனையத்தில் நம்மைவிட இரண்டு வாரம் முன்னால் ஆரம்பித்த ஒருவன் இருப்பான். “டேய், இது ஏன் ஓடல?” என்று அவனைக் கேட்கலாம். கையேடு மெல்லியதாக இருக்க முடிந்ததற்குக் காரணம் அந்த அறை கூட்டமாக இருந்ததுதான்.

1970-களில் பேசிக் அந்த அறையை விட்டு வெளியேறியது. டேவிட் ஆல் 1973-இல் தொகுத்த விளையாட்டு நிரல்களின் புத்தகம், பிறகு வீட்டுக் கணினிகளுக்காக 1978-இல் புதிய பதிப்பாக வந்து, பத்து லட்சம் பிரதி விற்ற முதல் கணினிப் புத்தகம் என்று பெயர் வாங்கியது. விளக்கம் அதிகம் கிடையாது. பக்கம் பக்கமாக நிரல். பிள்ளைகள் அதைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்தார்கள். எங்கேயோ ஒரு காற்புள்ளி விட்டுப்போகும், ஓடாது, தேடுவார்கள். அந்தத் தேடலில் கற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர். இதைப் பார்த்து எரிச்சலடைந்தவர்களும் உண்டு. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1975-இல் எழுதிய ஒரு குறிப்பில், பேசிக்கில் பழகிய மாணவர்களின் மூளை சீர்செய்ய முடியாத அளவுக்குச் சேதமாகிவிட்டது என்ற பொருளில் கடுமையாக எழுதினார். புலவர் சண்டை நமக்குப் புதிதா என்ன! அவர் சொன்னது மிகைதான். ஆனால் தனியாக வீட்டில் உட்கார்ந்து கற்றவனிடம், “இது ஓடுகிறது சரி, இதைவிடத் தெளிவாக எழுத முடியாதா?” என்று கேட்க ஆள் இல்லை என்ற பிரச்சினை உண்மையானது.

ஜூரிச்சில் நிக்கலஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கல் மொழிக்குப் பின்னால் கிட்டத்தட்ட இதே கவலை இருந்தது. நல்ல பழக்கத்தை மொழியே பிடித்து நிறுத்தட்டும் என்பது அதன் எண்ணம். மாறியை முதலில் அறிவி, அதன் வகையைச் சொல், பிறகு பயன்படுத்து. வாத்தியார் கண்டிப்பை மொழிக்குள்ளேயே வைத்துவிட்டார் என்று சொல்லலாம். காத்லீன் யென்சனும் விர்த்தும் எழுதிய பாஸ்கல் கையேடு 1974-இல் வந்தது. 1984-இல் அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான மேம்பட்ட கணினித் தேர்வு தொடங்கியபோது பாஸ்கல்தான் தேர்வு மொழி.

ஆனால் வேலை உலகம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. பெல் ஆய்வகம் யூனிக்ஸைப் பல்கலைக்கழகங்களுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில், மூல நிரலோடு சேர்த்துக் கொடுத்தது. யூனிக்ஸோடு சியும் வந்தது, சியோடு அந்த வெள்ளைப் புத்தகமும் வந்தது. 1981-இல் கெர்னிஹன், பாஸ்கல் தனக்கு ஏன் பிடித்தமான மொழி இல்லை என்று ஒரு கட்டுரையே எழுதினார். ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவரின் கோபம் அது. அவர் அளவில் நியாயம். ஆனால் நாளாக ஆக, தெரிந்தவர்களுக்கு எழுதிய புத்தகம் தெரியாதவர்களின் மேசைக்கு வந்துசேர்ந்தது. வேலைக்கு சி வேண்டும், சிக்கு இதுதான் மூலநூல், ஆகவே முதல் நாளே இதைக் கொடு. இந்தத் தர்க்கத்தில் விட்டுப்போனது ஆசிரியர்களே எழுதிவைத்த எச்சரிக்கை.

இனி வருவது, என்னைப் போன்றவர்களை மிகவும் மயக்கிய புத்தகம். எம்ஐடி-யில் ஹெரால்ட் ஏபல்சன், ஜெரால்ட் சஸ்மன், ஜூலி சஸ்மன் மூவரும் எழுதி 1985-இல் வெளிவந்தது ‘ஸ்ட்ரக்சர் அண்ட் இண்டர்ப்ரெட்டேஷன் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராம்ஸ்’. அட்டையில் ஒரு மந்திரவாதி இருப்பதால் மந்திரவாதிப் புத்தகம் என்றும் சொல்வார்கள். நிரல் என்பது முதலில் மனிதர் படிப்பதற்காக எழுதப்படுவது, எந்திரம் அதை ஓட்டுவது அதற்கப்புறம்தான் என்ற பார்வை அதில் இருக்கிறது. இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்தக் கருத்து சட்டென்று பிடித்துவிடும். ஸ்கீம் என்ற சின்ன மொழி. இலக்கணம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் சிந்தனை.

அந்தச் சிந்தனைக்கு எடுத்துக்கொண்ட உதாரணங்களைக் கவனியுங்கள். முதல் இயலின் முதல் பகுதியிலேயே நியூட்டன் முறையில் வர்க்கமூலம். கொஞ்சம் தள்ளி வகையீடு. இரண்டாம் இயலில் இணையாக இணைத்த மின்தடைகள். மூன்றாம் இயலில் டிஜிட்டல் மின்சுற்று. எம்ஐடி-யில் மின்பொறியியலும் கணினியியலும் ஒரே துறை. அந்தத் துறை மாணவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அதற்கு மேல் சிறு குழு வகுப்புகளும், கேள்வி கேட்டால் பதில் சொல்ல மூத்த மாணவர்களும் இருந்தார்கள். இன்னொரு பாதி அங்கே பலமாக இருந்தது. கூடுதல் கணிதம் எடுக்காமல், கணக்கியல் பிரிவிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு இதே புத்தகத்தைக் கொடுத்தால், அவள் நிரலாக்கத்தில் தடுமாறுகிறாளா, நியூட்டனிடம் தடுமாறுகிறாளா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவளாலேயே சொல்ல முடியாது. “எனக்கு கம்ப்யூட்டர் மண்டைல ஏறல” என்று முடிவுகட்டிவிட்டுப் போய்விடுவாள். தவறான புத்தகம் செய்யும் பெரிய சேதம் இதுதான். தன்னைப் பற்றிய ஒரு பொய்யை மாணவர் நம்பிவிடுகிறார்.

மத்தியாஸ் ஃபெலைசன், ராபர்ட் ஃபிண்ட்லர், மேத்யூ ஃப்ளாட், ஸ்ரீராம் கிருஷ்ணமூர்த்தி நால்வரும் இந்தக் குறையைத்தான் சுட்டினார்கள். மந்திரவாதிப் புத்தகத்தின் மீது அவர்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் அதன் உதாரணங்கள் பொறியியல் அறிவை முன்கூட்டியே கேட்கின்றன, நிரலை எப்படி வடிவமைப்பது என்பதை அது வெளிப்படையாகச் சொல்லித் தரவில்லை என்று எழுதினார்கள். அவர்களுடைய ‘ஹவ் டு டிசைன் புரோகிராம்ஸ்’ 2001-இல் வந்தது. அதில் ஒரு சமையல் குறிப்பு போல வரிசையான படிகள் இருக்கின்றன. என்ன தரவு உள்ளே வருகிறது, என்ன வெளியே போக வேண்டும் என்று எழுது. நிரலின் வேலையை ஒரே வரியில் சொல். பிறகு கையாலேயே கணக்குப் போட்டு இரண்டு மூன்று உதாரணங்களை எழுது. அப்புறம்தான் நிரல். கடைசியில் அந்த உதாரணங்களை வைத்தே சோதனை.

மாணவர் முழிக்கும்போது நல்ல ஆசிரியர் என்ன கேட்பார்? “சரி, இதுக்கு அஞ்சு குடுத்தா என்ன வரணும்?” என்றுதானே கேட்பார். அந்தக் கேள்வியைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள். இன்னொன்றும் செய்தார்கள். அவர்களுடைய மென்பொருளில் தொடக்க மாணவருக்கென்று சுருக்கிய மொழி இருக்கும். படிக்காத அம்சங்கள் எதுவும் அதில் கிடையாது. அதனால் தவறு நேர்ந்தால் வரும் செய்தியும் மாணவருக்குப் புரியும் சொற்களில் இருக்கும். பக்கத்து ஆளைப் பாதி புத்தகத்திலும் பாதி மென்பொருளிலும் உட்காரவைத்த முயற்சி இது. நான் பார்த்தவரையில் பக்கத்தில் யாருமே இல்லாத மாணவரைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு யோசித்த பாடநூல் வேறில்லை.

எம்ஐடி 2008-ஐ ஒட்டி மந்திரவாதிப் புத்தகப் பாடத்தை நிறுத்திவிட்டுப் பைத்தானுக்கும் ரோபோக்களுக்கும் மாறியது. ஏன் என்று கேட்டபோது சஸ்மன் சொன்ன விளக்கம் சுவையானது. எண்பதுகளில் பொறியாளர் தனக்கு முழுதும் புரிந்த சிறு உறுப்புகளைக் கோத்துப் பெரியதைக் கட்டினார். இன்று யாரோ எழுதிய நூலகங்களைத் தட்டிப் பார்த்து, எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்து வேலை செய்கிறார். பாடமும் அதற்கேற்ப மாற வேண்டியிருந்தது என்ற கருத்தில் சொன்னார். அலுவலகத்தில் என் தினசரி வேலையை நினைத்தால் அவர் சொன்னதை மறுக்க முடியவில்லை.

ஆனால் அந்தப் புத்தகம் சாகவில்லை. ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மார்ட்டின் ஹென்ஸும் டோபியாஸ் ரிக்ஸ்டாடும் அதை ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றி எழுதி, 2022-இல் எம்ஐடி பதிப்பகமே அந்த வடிவத்தை வெளியிட்டது. இங்கே கவனிக்க வேண்டியது மொழி மாற்றத்தை மட்டுமில்லை. அந்தப் பாடத்துக்கென்று இணையத்திலேயே ஒரு பயிற்சிக்களம் கட்டியிருக்கிறார்கள். மாணவர் முதலில் ஜாவாஸ்கிரிப்டின் மிகச் சின்னத் துண்டு ஒன்றை மட்டும் பயன்படுத்துகிறார். இயல்கள் நகர நகர மொழியும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. முந்தைய ஆண்டுகளில் அதே பாடத்தைப் படித்துத் தேறிய மாணவர்கள் சிறு குழுக்களுக்கு வழிகாட்டுகிறார்கள். கடினமான புத்தகத்தைக் கையில் எடுத்தவர்கள், அதற்குத் தேவையான இன்னொரு பாதியையும் சேர்த்தே கட்டினார்கள். ஆகவே ‘அங்கே அந்தப் புத்தகம் வைக்கிறாங்க, நாமளும் வைப்போம்’ என்று புத்தகத்தை மட்டும் எடுத்து வந்தால் பாதியைத்தான் எடுத்து வருகிறோம்.

கடைசியாக ஒரு கதை. முன்னே சொன்ன அமெரிக்கப் பள்ளித் தேர்வின் மொழி 1999-இல் சி பிளஸ் பிளஸ் ஆனது, 2003-04 கல்வியாண்டில் ஜாவா ஆனது. மொழி மாறும்போதெல்லாம் பாடநூல்களும் மாறும். தலையணை கனத்தில் புத்தகங்கள் வந்து குவிந்த காலம் அது. 1999 ஜனவரியில் ஆலன் டௌனி என்ற கல்லூரி ஆசிரியர் ஜாவா அறிமுக வகுப்பு எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். அதற்கு முன் மூன்று முறை எடுத்திருந்தார். தோற்கும் மாணவர்கள் அதிகம். தேறியவர்களும் பெரிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று அவருக்கே தெரிந்தது. புத்தகம் பெரிது, தேவையில்லாத நுணுக்கம் அதிகம், ஏதோ ஒரு இயலில் கால் வைத்ததும் மாணவர் குழிக்குள் விழுந்துவிடுகிறார். வகுப்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது தானே எழுதுவது என்று முடிவெடுத்தார். நாளைக்கு ஓர் இயல் வீதம் எழுதினார். அவர் வைத்துக்கொண்ட விதிகளில் ஒன்று, ஐம்பது பக்கத்தைக் கொடுத்து அவர்கள் படிக்காமல் போவதைவிடப் பத்துப் பக்கம் கொடுத்துப் படிக்கவைப்பது மேல் என்பது.

அதை அவர் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், திருத்தலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டார். வர்ஜீனியாவில் ஜெஃப் எல்க்னர் என்ற உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் அதைப் பார்த்தார். ஜாவாவை எடுத்துவிட்டுப் பைத்தானைப் போட்டுத் தன் மாணவர்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார். டௌனி அதைப் படித்து, தன் புத்தகத்தின் வழியாகவே பைத்தான் கற்றுக்கொண்டார். இன்று உலகம் முழுவதும் படிக்கப்படும் ‘திங்க் பைத்தான்’ இப்படி உருவான புத்தகம். இந்த இடத்தில் வகுப்பறைக்குள் இருந்த ஆளே புத்தகத்துக்குள் கை வைத்திருக்கிறார். தன் மாணவர் எங்கே விழுகிறார் என்று தெரிந்தவருக்குப் பேனாவைக் கொடுத்ததுதான் அந்த உரிமம் செய்த வேலை.

நம் நாட்டுக்கு வருவோம். என் வயதினர் 2003, 2004 வாக்கில் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேர்ந்தவர்கள். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை 2003-இல் வந்தது. 2009-இல் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது, 2012 முதல் படிப்படியாக விலக்கினார்கள். ஆகவே எங்களுக்குக் கூட்டலும் ஆங்கிலம், ஒளிச்சேர்க்கையும் ஆங்கிலம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களின் கணக்கு வேறு. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் தமிழில். பிறகு இடைநிலைப்பள்ளியில் பலருக்கு மலாயில். பிறகு நிரலாக்கப் புத்தகத்தைத் திறந்தால் ஆங்கிலம். ஒரே கருத்துக்கு மூன்று மொழியில் மூன்று சொல். ‘மாறி’ என்று தமிழில் கேட்டது, ‘பெம்போலே ஊபா’ என்று மலாயில் படித்தது, ‘வேரியபிள்’ என்று புத்தகத்தில் இருப்பது மூன்றும் ஒன்றுதான் என்று சொல்லவும் ஒரு பக்கத்து ஆள் வேண்டியிருக்கிறது. எந்த வெளிநாட்டுப் பாடநூலும் இந்த மாணவரை நினைத்து எழுதப்படவில்லை. அது அவற்றின் குற்றமும் இல்லை.

இவ்வளவையும் படித்த பிறகு, புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது நான் மூன்று கேள்வி கேட்கிறேன். இந்தப் புத்தகம் என் மாணவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று நினைக்கிறது? முதல் பத்துப் பக்கத்தில் மாணவர் கையால் என்ன செய்கிறார், வெறுமனே படிக்கிறாரா, எழுதி ஓட்டிப் பார்க்கிறாரா? அவர் மாட்டிக்கொள்ளும்போது யார் பக்கத்தில் இருப்பார் என்று இது எதிர்பார்க்கிறது, அந்த ஆளை எங்களால் கொடுக்க முடியுமா? மூன்றாவதுதான் முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி. அனுபவமுள்ள நான்கு பேர் எப்போதும் கூட இருக்கும் இடத்தில் கே அண்ட் ஆர் புத்தகத்தில்கூடத் தொடங்கலாம். சனிக்கிழமை மூன்று மணி நேரம் மட்டும் சந்தித்து, மிச்ச ஆறு நாளும் மாணவர் தனியாக இருக்கும் எங்கள் வகுப்புக்கு அது சரிவராது.

எங்கள் வகுப்பில் இப்போது இரண்டைக் கலந்து வைத்திருக்கிறோம். கையில் ‘திங்க் பைத்தான்’. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, வாரம் பத்துப் பக்கம் நகலெடுத்துக் கொடுத்தால் போதும். வெண்பலகையில் ஃபெலைசன் குழுவின் பழக்கம்: நிரல் எழுதுவதற்கு முன் உதாரணம் எழுது. உதாரணங்களைக் கொஞ்சம் இங்கிருந்தே எடுக்கிறோம். சாலைக் கட்டணம், கடைக்கு இரண்டு கிலோ வெங்காயம் வாங்கப் போனால் மிச்சம் எத்தனை ரிங்கிட், எஸ்.பி.எம். தேர்ச்சி நிலை. ஒவ்வொரு இயலின் ஓரத்திலும் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் கலைச்சொற்களை எழுதிவைக்கிறோம். இரண்டாம் ஆண்டு முதல் இன்னொன்றும் சேர்ந்தது. முந்தைய ஆண்டு படித்த இருவர் இப்போது புதியவர்களோடு உட்காருகிறார்கள். அவர்கள் பெரிய நிபுணர்கள் இல்லை. ஓர் ஆண்டு முன்னால் இருப்பவர்கள், அவ்வளவுதான். டார்ட்மத் அறையில் பக்கத்து முனையத்தில் இருந்தவனும் அப்படிப்பட்டவன்தானே.

இதைப் படிப்பவர்களில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். தம்பி தங்கையோ, அக்காள் மகனோ எந்தப் புத்தகம் வாங்குவது என்று கேட்டால் பெயரைச் சொல்லுங்கள், நல்லது. கூடவே முதல் மூன்று இயல் முடியும் வரை வாரத்தில் எந்த நாள் அழைக்கலாம் என்றும் சொல்லிவிடுங்கள். அந்த நாளைக் கேட்டுக்கொண்ட பிள்ளை மாட்டிக்கொண்ட இடத்தில் புத்தகத்தை மூடிவைக்க மாட்டாள். பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, அந்த நாளுக்காகக் காத்திருப்பாள்.